நோயாளர் எப்போது திரும்பி வருவர்?

‘மருத்துவ உல்லாசப் பயணம்’ என்னும் சொற்றொடரை முதன்முதலாக அச்சிற் கண்டபோது எனக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றின. சிறுநீரகம் பழுதுற்ற கணவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, காணியை ஈடு வைத்துப் பெற்ற பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்து, மொழி தெரிந்தும் வழி தெரியாத ஒரு பட்டினத்தில் வைத்தியசாலை வாயிலில் நிற்கும் பெண்ணுக்கு உல்லாசம் ஏது? ஆங்கிலத்தில் வழங்கிய ஒரு வியாபாரச் சொல்லை நாம் அகராதி பார்த்துப் பெயர்த்ததனால் வந்த வினை இது. இக்கட்டுரையில் யான் ‘சிகிச்சைப் பயணம்’ என்றே எழுதுவேன். சொற்பூசலில் எனக்கு விருப்பம் உண்டென்பதை நண்பர்கள் அறிவர். ஆனால் இவ்விடத்திற் சொல்லோடு பொருளும் சேர்ந்து பிழைபடுகின்றது. உல்லாசப் பயணி வாராதொழிந்தால் விளம்பரம் செய்து அழைக்கலாம். கட்டணத்தைக் குறைத்துக் கூப்பிடலாம். நோயாளன் வாராதொழிந்தால் அவன் அஞ்சுகிறான் என்பது பொருள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறதா, இல்லையா என்பதே முதற்கண் ஆராய வேண்டியது.

கொவிட்-19 தொற்றுக்குப் பின்னர், சிகிச்சைப் பயணத்தை எவ்வாறு மீட்பது என்பது பற்றிப் பல நாடுகளிற் பேச்சு எழுந்தது. அப்பேச்சிற் பெரும்பகுதி விற்பனையாளர் பேச்சாகவே இருந்தது. ‘நம்பிக்கையைக் கட்டியெழுப்புவோம்’ என்பார்கள். அடுத்த வரியிலே சலுகைப் பொதிகளின் விலையைச் சொல்வார்கள். எனது கருத்து வேறு. சுவாசத் தொற்று நோய் பரவும் காலத்தில் ஒரு நாடு தன் சொந்த நோயாளருக்கும், தாதிமாருக்கும், நோயாளரைப் பார்க்க வருவோருக்கும் உண்மையைச் சொல்கின்றதா என்பதைப் பொறுத்தே அயல்நாட்டு நோயாளன் அங்கே செல்லத் துணியலாமா என்பது அமைதல் வேண்டும். இதனை வெறுங் கொள்கையாகச் சொல்லவில்லை. கண் முன்னே நடந்த ஒரு வரலாறு இருக்கிறது. அது தென் கொரியாவில் 2015ஆம் ஆண்டு நடந்தது.

கொரியா இத்துறையிற் பழம் நாடன்று. அயல்நாட்டு நோயாளரை வைத்தியசாலைகள் தாமே அழைத்து வருவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தது 2009இலேதான். அவ்வாண்டில் ஏறக்குறைய 60,000 பேர் சென்றனர். 2014இல் அத்தொகை 2,67,000ஐ எட்டிற்று. முகத்தைத் திருத்தி அழகு பெறச் சென்ற சீனப் பெண்கள் ஒருபுறம். புற்றுநோயோடும் இருதய நோயோடும் சென்ற ரஷ்யர், கஸாக்கியர், மொங்கோலியர் மறுபுறம். அபுதாபி அரசு தன் குடிமக்களைத் தன் செலவிலேயே சியோலுக்கு அனுப்புவதற்கு 2011இல் உடன்படிக்கை செய்துகொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் இவ்வளவு பெயர் பெற்ற நாடு, ஒரு மாத காலத்தில் அந்தப் பெயரைத் தெருவிலே போட்டுடைத்தது எவ்வாறு என்பதுதான் கதை.

மத்திய கிழக்குச் சுவாச நோய் எனப்படும் மெர்ஸ், 2012இல் சவூதி அரேபியாவில் இனங்காணப்பட்டது. 2015 மே மாதத் தொடக்கத்தில் அறுபத்தெட்டு வயதுக் கொரியர் ஒருவர் வியாபார அலுவலாகப் பஹ்ரேன், ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி அரேபியா, கட்டார் ஆகிய நாடுகளிற் சென்று திரும்பினார். காய்ச்சல் கண்டது. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று அலைந்தார். மே 20ஆந் திகதியே நோய் இன்னதென்று உறுதியாயிற்று. அதற்கிடையில், அவர் படுத்திருந்த பியோங்தேக் நகர வைத்தியசாலையிற் பலரைத் தொற்றிவிட்டது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நோய் வந்தது அயல்நாட்டு நோயாளர் வழியாக அன்று. ஊர் திரும்பிய உள்நாட்டுக் குடிமகன் வழியாக. ‘பிறநாட்டு நோயாளரை உள்ளே விட்டால் நோயையும் கொண்டு வருவார்’ என்று அடித்துச் சொல்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

பின்பு நடந்ததை நினைக்கும்போதுதான் மனம் கசக்கிறது. நோயாளர் தங்கிய வைத்தியசாலைகளின் பெயர்களைச் சுகாதார அமைச்சு வெளியிட மறுத்தது. பெயரைச் சொன்னால் மக்கள் பீதியடைவர், வேறு நோயாளர் அவ்விடங்களை விட்டு ஓடுவர், வைத்தியசாலைகள் நட்டமடையும் என்பன அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். மே 20 முதல் ஜூன் 7 வரை பதினெட்டு நாள்கள் இந்த மௌனம் நீடித்தது. மக்கள் சும்மா இருந்தார்களா? தாங்களே பட்டியல் எழுதிக் கைத்தொலைபேசியிற் பரப்பினார்கள். அதில் மெய்யும் பொய்யும் கலந்திருந்தன. நோய் அணுகாத வைத்தியசாலைகளும் அப்பட்டியலில் ஏறி வீணே பழி சுமந்தன. ஜூன் 4ஆந் திகதி இரவு சியோல் மாநகர முதல்வர் பத்திரிகையாளரைக் கூட்டி மத்திய அரசோடு வெளிப்படையாகவே முரண்பட்டார். மூன்று நாள் கழித்து அரசு இருபத்துநான்கு வைத்தியசாலைகளின் பெயர்களை வெளியிட்டது.

அந்தப் பதினெட்டு நாள்களின் விலை என்ன? மே 27 முதல் 29 வரை, சியோலின் புகழ்பெற்ற சாம்சுங் வைத்திய நிலையத்தின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளி இருந்தார். பதினான்காம் இலக்கத்தவர் என்பதே பதிவேட்டில் அவருக்கு வழங்கிய பெயர். பியோங்தேக் வைத்தியசாலையில் அவரும் தங்கியிருந்தவர். அங்கே மெர்ஸ் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவரை ஏற்றுக்கொண்ட வைத்தியருக்கும் தெரியாது. கட்டிலுக்காகக் காத்திருப்போர் நிறைந்து நெருக்குண்ட அந்த மண்டபத்தில், அவர் ஒருவரிடமிருந்து எண்பத்திரண்டு பேருக்கு நோய் பரவிற்று. நாட்டில் அவ்வாண்டு மெர்ஸ் கண்டவர் மொத்தம் 186 பேர். மாண்டவர் 38 பேர். எண்பத்திரண்டை நூற்றெண்பத்தாறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரும் வைத்தியசாலைப் பெயரும் அந்த அவசரப் பிரிவின் மேசைக்கு முன்னரே வந்திருந்தால், அந்த மனிதரைத் தனியறையிற் கிடத்தியிருப்பார்கள் என்றே நான் எண்ணுகின்றேன்.

நோயுற்றவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நோயாளரின் உறவினரும் பார்க்கச் சென்றவர்களுமாவர். ஐந்திலொரு பங்கினர் வைத்தியசாலை ஊழியர். இவ்விவரம் நமக்கு அந்நியமானதன்று. கொரியரும் நம்மவரைப் போலவே, வீட்டில் ஒருவர் படுத்தால் குடும்பமே கட்டிலைச் சூழ்ந்திருக்கும் வழக்கமுடையோர். மருத்துவத்தின் கூறுகளை எண்ணப் புகுந்த வள்ளுவர் நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு நிறுத்தாது, பக்கத்திலிருந்து பணிவிடை செய்வோனையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காமவனைத்தான் நவீன வைத்தியசாலைக் கணக்குகள் மறந்துவிடுகின்றன. சிகிச்சைப் பயணத்தில் அவன் நிச்சயமாக உடன் செல்கிறான். விசாவில் அவன் ‘உதவியாளன்’. நோய்த் தொற்றின் முன் அவனும் ஒரு நோயாளியே. தோடம்பழப் பையோடு கட்டிலடியில் வந்து கூடுவதை அன்பென்று நாம் கருதுகிறோம். அன்புதான். ஆயினும் தொற்றுக் காலத்தில் அந்த அன்புக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லும் துணிவு வைத்தியசாலை நிருவாகிக்கு இருத்தல் வேண்டும்.

ஜூன் மாதத்திற் கொரியா சென்ற அயல்நாட்டார் தொகை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஜூலையிற் பாதிக்கு மேல் குறைந்தது. அரசு விழித்துக்கொண்டது. அப்போது முதலிற் கைக்கொண்ட பரிகாரங்கள் எவை? வரும் உல்லாசப் பயணிக்கு மெர்ஸ் தொற்றினால் சிகிச்சைச் செலவையும் நட்டஈட்டையும் தருவதாக ஒரு காப்புறுதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. சில ஆசிய நாட்டுக் கூட்டப் பயணிகளுக்கு விசாக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. காப்புறுதி தேவையற்றது என நான் சொல்லேன். ஆனால் ‘வாருங்கள், நோய் வந்தால் பணம் தருகிறோம்’ என்று அழைக்கும் வீட்டுக்கு விருந்துக்குச் செல்ல யார் விரும்புவர்? வீட்டிற் பாம்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவன், அதை அடிக்கத் தடி எடுத்தானா என்றே விருந்தாளி கேட்பான். கொரிய மக்களுள்ளும் பலர் இத்திட்டத்தை ஏளனம் செய்ததில் வியப்பில்லை.

இனி, என் வாதத்துக்கு எதிராகவே ஒரு புள்ளிவிவரம் நிற்கிறது. அதை மறைத்துச் செல்வது நியாயமாகாது. அயல்நாட்டு நோயாளர் தொகை அந்த மெர்ஸ் ஆண்டிலே வீழவில்லை. சுமார் 2,97,000 ஆக உயர்ந்தது. மறு ஆண்டில் 3,64,000 ஆயிற்று. ‘பார்த்தீர்களா, ஒளித்ததனால் என்ன குடிமுழுகிப் போயிற்று?’ என்று ஒரு நிருவாகி கேட்கக்கூடும். நான் இத்தொகையை வேறு விதமாகப் படிக்கிறேன். உல்லாசப் பயணி ஜூலையிற் போகாவிட்டால் வேறு தேசத்துக்குப் போவான், அல்லது வீட்டிலிருப்பான். ஈரலிற் கட்டி வளரும் நோயாளனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவன் அஞ்சியபடியே போவான். ஆகவே நோயாளர் வந்தார்கள் என்பது நம்பிக்கைக்கு அத்தாட்சியாகாது. அவர்களின் இயலாமைக்கும் அதுவே அத்தாட்சியாக இருக்கலாம். இயலாதவனின் வருகையைக் கொண்டு தன் நற்பெயரை அளக்கும் தொழில், வட்டிக்கடைக்காரன் தன் வாயிலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டு தன்னை வள்ளலென்று எண்ணுவதை ஒக்கும்.

உண்மையான மீட்சி வேறிடத்தில் நடந்தது. அது விளம்பரப் பலகைகளில் ஏறவில்லை. சாம்சுங் வைத்திய நிலையம் ஜூன் நடுப்பகுதியிற் புதிய நோயாளரை ஏற்பதை நிறுத்தியது. ஜூன் 23இல் அந்தக் குழுமத்தின் உபதலைவர் லீ ஜே-யோங் மக்கள் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கோரினார். ஜூலையில் தொற்று நோய்ச் சட்டம் திருத்தப்பட்டது: இத்தகைய நோய் பரவுமிடத்து, நோயாளர் சென்ற வழியையும் சிகிச்சை பெற்ற வைத்தியசாலைகளையும் அரசு விரைவில் வெளியிட்டே தீர வேண்டும் என்று அது விதித்தது. ஒளிப்பது முன்பு நிருவாகத்தின் உரிமையாயிருந்தது. அன்று முதல் அது சட்ட மீறலாயிற்று. நோய்த் தடுப்பு நிலையத்தின் தலைவர் பதவி 2016 ஜனவரியில் உப அமைச்சர் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. புதிதாய்க் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு நான்கு கட்டில்களுக்கு மேலாகாது, கட்டிலுக்குக் கட்டில் ஒன்றரை மீற்றர் இடைவெளி வேண்டும் என 2017இல் விதி வந்தது. இத்தகைய விதிகளைப் படிப்பதில் எவருக்கும் சுவை இராது. எனினும் அந்த ஒன்றரை மீற்றரில் அபுதாபி நோயாளியின் பாதுகாப்பும் இருக்கிறது, பியோங்தேக் கிழவியின் பாதுகாப்பும் இருக்கிறது. இருவருக்கும் தனித்தனி அளவுகோல் இல்லை.

அயல்நாட்டாருக்கென ஒரு மாளிகைப் பகுதி, உள்நாட்டாருக்கென ஒரு நெரிசல் மண்டபம் என்று பிரித்து வைக்கும் வைத்தியசாலைகள் ஆசியாவிற் பல உண்டு. சுவாச நோய்க் கிருமி அப்பிரிவினையை மதிப்பதில்லை. இரு பகுதிக்கும் உணவு கொண்டு செல்பவர் ஒருவரே. இரவுக் கடமைத் தாதி இரண்டுக்கும் நடக்கிறார். சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோய் கண்ட 238 பேரில் ஐந்தில் இரண்டு பங்கினர் சுகாதார ஊழியர் என்பதை நினைவு கொள்க. அந்நாடு டான் டொக் செங் வைத்தியசாலையை மார்ச் மாதத்திலேயே சார்ஸ் நோய்க்கென ஒதுக்கி, அதனை எல்லோருக்கும் அறிவித்தது. எங்கே நோய் இருக்கிறது என்பது தெரிந்தபடியால், எங்கே இல்லை என்பதும் தெரிந்தது. அயல்நாட்டு நோயாளரை வரவேற்கும் தேசியத் திட்டத்தை அந்நாடு அதே ஆண்டின் பிற்பகுதியில், நோய் அடங்கிய பின்னரே தொடங்கியது. இந்த வரிசை முறையே எனக்குப் பிடித்தது.

வெளிப்படை என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் கொரியாவே காட்டிற்று. 2020இல் கொவிட் வந்தபோது, மெர்ஸ் தந்த சட்டத்தின் பலத்தால், நோயுற்றவரின் வயது, பால், எந்நேரம் எந்தக் கடைக்குச் சென்றார் என்பவையெல்லாம் வெளியிடப்பட்டன. அண்டை அயலார் அவற்றைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்தனர். இன்னாரோடு ஏன் சென்றார், அந்த விடுதிக்கு ஏன் போனார் என்று வம்பளந்தனர். அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு மார்ச் மாதத்திலே கவலை தெரிவித்தது. 2015இல் நிறுவனத்தின் பெயரை ஒளித்தவர்கள் 2020இல் மனிதனின் அந்தரங்கத்தையே திறந்து வைத்தார்கள். வைத்தியசாலை பொதுவிடம், அதன் பெயர் மக்களுக்குரியது. நோயாளியின் பெயரும் நடையும் அவனுக்குரியவை. தொலைதேசத்திலிருந்து செல்லும் நோயாளிக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். அவன் தன் நோயை ஊராருக்குச் சொல்லாமலே விமானம் ஏறியிருக்கக்கூடும்.

நோய் முற்றாக நீங்கும் வரை அயல்நாட்டாரை ஏற்கவே கூடாது என்பார் கட்சியையும் சிறிது பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்திய நகரங்களிற் பிராணவாயு கிடையாமல் மக்கள் மாண்டபோது, பணம் படைத்த வெளிநாட்டானுக்கு ஒரு தீவிர சிகிச்சைக் கட்டிலை ஒதுக்கி வைத்தல் அறமாகாது. ஆனால் எல்லா மாதங்களும் அத்தகைய மாதங்களல்ல. பாதிச் சிகிச்சையில் நின்றவன் கதியை எண்ணிப் பாருங்கள். இந்தியா 2020 மார்ச்சில் விசாக்களை நிறுத்தியது. ஒக்ரோபர் மாதத்திலே மருத்துவ விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வழி திறந்தது. இடைப்பட்ட ஏழு மாதங்கள் புற்றுநோய்க்கு நீண்ட காலம். தாய்லாந்து அவ்வாண்டு ஜூலையிலேயே, வைத்தியசாலைக்குள் பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நோயாளரை ஏற்கத் தொடங்கிற்று. தனித்திருக்கும் இடமும் சிகிச்சை பெறும் இடமும் ஒன்றாதலால் நோயாளனுக்கு நாள் வீணாகவில்லை. இம்முறை நல்ல முறை. ஏழைக்கு எட்டாத செலவுடையது என்பது அதன் குறை.

நமது பக்கம் பார்ப்போம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2019 நவம்பரிற் பறக்கத் தொடங்கி, நான்கு மாதங்களில் நின்று, 2022 டிசம்பர் 12ஆந் திகதியே மீண்டும் பறந்தது. அவ்விமானத்தில் ஏறுவோர் மடியிற் பெரிய கடித உறைகள் இருக்கும். கதிர்ப்படங்கள், இரத்தப் பரிசோதனைக் குறிப்புகள். அவர்களுக்குச் சென்னையிலும் வேலூரிலும் ஒரு பெரும் வசதி உண்டு: வைத்தியரோடு தமிழிற் பேசலாம். மாலைதீவிலிருந்து கொழும்புக்கு வரும் நோயாளிக்கோ அந்த வசதி இல்லை. அவருக்கு இந்நாட்டுத் தனியார் வைத்தியசாலைகள் விலைப்பட்டியலை அவருக்கு விளங்கும் மொழியிற் கொடுக்கத் தவறுவதில்லை என்றே நம்புகின்றேன். இந்த விடுதியில் இவ்வாரம் தொற்று உண்டா, உண்டாயின் உம் உதவியாளர் எங்கே தங்குவார், விமானம் நின்றுவிட்டால் உமக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் அதே மொழியில், அதே தாளில் எழுதிக் கொடுக்கின்றோமா? அவர் கையொப்பமிடும் முன்னரே கொடுக்கின்றோமா?

இதில் மொழியறிந்தோருக்கு வேலை இருக்கிறது. ஆசிரியர்கள் வாசிக்கும் இப்பக்கத்தில் இவ்விடயத்தை எடுத்ததற்கும் அதுவே காரணம். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை நம் மாணவருக்குத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூற்றியலையும் பிறவற்றையும் தமிழ் நூல்களாக்கினார். அவர் ஆக்கிய சொற்கள் சில இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். நோயாளிக்கு விளங்காத மொழியில் வைத்தியம் நடத்தலாகாது என்ற அவரது பிடிவாதம் அவ்வாறு தோன்றவில்லை. கொரியாவின் சுகாதார அமைச்சு 2016 ஜூலையில், தான் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் தொகுத்து மெர்ஸ் பற்றிய வெள்ளையறிக்கை ஒன்றை வெளியிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் பயிற்சிக்கென நாவல்களையும் சிறுகதைகளையும் எடுத்துக்கொள்கின்றனர். இவ்வாண்டு ஒரு மாணவராவது அந்த அறிக்கையில், வைத்தியசாலைப் பெயர்கள் வெளிவந்த வாரத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தின் வழியாகவேனும் தேடிப் பிடித்துத் தமிழில் தருவாராயின், அதை வாங்கிப் படிக்க முதல் ஆளாக நான் நிற்பேன்.